ஓட்டோ பிரெடரிக் முல்லர்

ஓட்டோ பிரெடரிக் முல்லர் (1730 – 1784) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஆவார். கடலின் அடித்தரையை வாரியெடுத்து, அங்கு வாழும் உயிரினங்களை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். வட ஐரோப்பியக் கரையோரங்களில் மணலுக்குள் புதைந்து வாழும் ஒரு கடலட்டை இனத்துக்கு அறிவியற் பெயரிட்டவரும் இவரே.

வாழ்க்கை

கோபன்ஹேகன் நகரில் பிறந்த முல்லர், சமயப் பணிக்கான கல்வி பயின்றார். பின்னர் பிரபு குடும்பமொன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்குடும்பத்தின் பிரெடரிக்ஸ்டால் நிலப்பகுதியில் கண்ட பூச்சிகளைப் பற்றி 1764 ஆம் ஆண்டிலும் தாவரங்களைப் பற்றி 1767 ஆம் ஆண்டிலும் நூல்களை வெளியிட்டார். செல்வக் குடும்பப் பெண் ஒருவரை மணந்தபின் முழுமையாக ஆய்வில் ஈடுபட்டார்.

கடலடி ஆய்வு

சிப்பி அள்ளும் வலையைப் போன்று, சதுர வாயுடைய இரும்புச் சட்டத்தில் வலைப்பையைக் கட்டி, அதைக் கடலடியில் இழுத்து மாதிரிகளைச் சேகரித்தார். டென்மார்க், நோர்வே நாடுகளின் விலங்குகளைத் தொகுத்து இவர் 1776 இல் வெளியிட்ட இலத்தீன் நூலில் 3000 க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றன.

புதையும் கடலட்டை

அந்நூலில் இவர் விவரித்த இனங்களுள் ஒன்று, இன்று லெப்டோசினாப்டா இன்கேரன்சு எனப்படுகிறது. 'இன்கேரன்சு' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'ஒட்டிக்கொள்வது' என்பது பொருள். இதன் தோலிலுள்ள நுண்ணிய நங்கூர வடிவச் சுண்ணாம்புத் துகள்கள் தொடுபவற்றைப் பற்றிக்கொள்கின்றன. குழாய்க்கால்கள் இல்லாததால் இது புழுவைப் போலவே தோன்றும். வாயைச் சுற்றி 12 உணர்கொம்புகள் உண்டு.

இவ்விலங்கைப் புறத்தோற்றத்தால் மட்டும் இனங்காண்பது கடினம். 1815 இல் மொன்டேகு விவரித்த லாபிடோபிளாக்சு டிஜிட்டாட்டாவும் 12 உணர்கொம்புகள் உடையதே. ஆயினும் அதன் ஒவ்வொரு கொம்பிலும் 4 விரல்களே உள்ளன; முல்லரின் இனத்திலோ கொம்புகள் இறகு போல் பல கிளைகள் கொண்டவை. இதனினும் நெருங்கிய உறவுடைய லெப்டோசினாப்டா பெர்கென்சிசு 1905 இல் ஆஸ்டெர்கிரெனால் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இவ்விரண்டையும் பிரித்தறிய, தோல்துண்டொன்றை நுண்ணோக்கியில் வைத்து நங்கூரங்களையும் அவற்றைத் தாங்கும் தட்டுகளையும் ஒப்பிட வேண்டும். எனவே முல்லரின் பெயரைத் தாங்கிய பழைய பதிவுகள் அனைத்தும் ஒரே இனத்தைக் குறிப்பதாகக் கொள்ள இயலாது.

பிற ஆய்வுகளும் மறைவும்

நீர்ச்சிற்றுண்ணிகள், சிறு ஓட்டுடலிகள் ஆகியவற்றைப் பற்றியும் முல்லர் நூல்கள் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைப் பேரினம், இனம் என வகைப்படுத்த முயன்றார். 1784 டிசம்பர் 26 அன்று காலமானார். நுண்ணுயிர்கள் பற்றிய இவரது பெருநூலை ஓட்டோ பப்ரீசியசு 1786 இல் பதிப்பித்தார். டென்மார்க் விலங்குகள் பற்றிய படநூல் வரிசையைப் பிற அறிஞர்கள் 1806 இல் நிறைவு செய்தனர்.