விலை சரிந்தபோது

பால்மரம் சீவிய தொழிலாளர்களின் கூலி, ஒரு காலத்தில் ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை ஏறியது, கூலியும் கூடியது. பின்னர் விலை சரிந்தபோது கூலியும் இறங்கியது. தொழிலாளர்களின் உழைப்பு குறையவில்லை. வருமானம் மட்டும் குறைந்தது.

இந்நிலையை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் பி.பி. நாராயணன். இவர் 1923இல் கேரளத்தில் பிறந்தவர். தோட்டப்புறச் சங்கங்கள் தனித்தனியே இயங்கினால் முதலாளிகளிடம் உரிமையைப் பேசிப் பெற இயலாது என்பதை இவர் உணர்ந்தார். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட அச்சங்கத்தின் பொதுச்செயலாளராக இவர் நெடுங்காலம் பணியாற்றினார்.

வேலைநிறுத்தத்தைவிடப் பேச்சுவார்த்தையையே இவர் பெரிதும் நம்பினார். 1962இல் இவருக்கு ரமோன் மக்சேசே விருது கிடைத்தது. நாட்கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் வேண்டும் என்று இவருடைய சங்கம் கோரியது. விலை வீழ்ந்தாலும், மழை பெய்து வேலை நின்றாலும், தொழிலாளியின் அடுப்பு எரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அக்கோரிக்கை நிறைவேறுமுன், 1996இல் நாராயணன் மறைந்தார். 2013இல் தீபகற்ப மலேசியாவில் மாதம் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. இன்று சம்பளத்திற்குச் சட்டமே ஓர் எல்லை வகுத்துள்ளது. அந்த எல்லைக்காக முன்னோர் நடத்திய நீண்ட போராட்டத்தை நாம் மறத்தலாகாது.