உயிரணுவை ஆய்ந்த பேரறிஞர் ஏர்னஸ்ட் ஜஸ்ட்

அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்கள் அடிமைத்தளையினின்று விடுபட்டு இருபது ஆண்டுகள்கூட நிறைவுறாத காலம். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1883 ஆகஸ்டு 14ஆம் நாள் ஏர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். அன்னை மேரி பள்ளியில் கற்பித்தும், பாஸ்பேட் சுரங்கத்தில் உழைத்தும் குடும்பத்தைக் காத்தார். மகன் வடபுலம் சென்று கற்கையில் அவ்வன்னையும் மறைந்தார். துயரைக் கல்வியால் வென்ற ஜஸ்ட், 1907இல் டார்ட்மத் கல்லூரியில் உயர் சிறப்புடன் பட்டம் பெற்றார்.

வெள்ளையர் பல்கலைக் கழகங்கள் கறுப்பினத்தவரை ஆசிரியராக ஏற்காத நாள் அது. எனவே வாஷிங்டனில் கறுப்பின மாணவர் பயின்ற ஹோவர்டு பல்கலைக் கழகத்தில் பணியேற்றார். 1909 முதல் கோடைதோறும் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வகத்தில் ஆராய்ந்தார். 1915இல் ஸ்பிங்கார்ன் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்றவர் இவரே. 1916இல் சிகாகோ பல்கலைக் கழகம் முனைவர் பட்டம் அளித்தது.

கடல் முள்ளெலி, கடற்புழு ஆகியவற்றின் முட்டைகளே இவருடைய ஆய்வுப் பொருள். விந்தணு தொட்டவுடன் முட்டையின் மேற்பரப்பில் ஒரு மாறுதல் அலைபோல் பரவுவதைக் கண்டார். ஒரே முட்டையிலிருந்து தோன்றும் உயிரணுக்கள் தசையாகவும் நரம்பாகவும் வேறுபடுவது எங்ஙனம்? உட்கரு மட்டும் ஆள்வதில்லை. அதைச் சூழ்ந்த உயிர்ப்பொருளும் மேற்பரப்பும் வளர்ச்சியில் பங்கு கொள்கின்றன என வாதிட்டார். 1939இல் வெளிவந்த இவரது நூல் இக்கொள்கையை விரித்துரைத்தது.

மரபணுவின் ஆற்றலை இவர் குறைத்து மதித்தார் என்பது உண்மையே. எனினும் இவர் எழுப்பிய வினா பொய்க்கவில்லை. ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் மரபணுத் தொகுதி ஒன்றே. அவற்றுள் எவை செயற்பட வேண்டும், எவை அடங்கியிருக்க வேண்டும் என்பதைச் சில புரதங்களும், மரபுப்பொருளின்மீது படியும் மெத்தில் போன்ற வேதிக் குறிகளும் முறைப்படுத்துகின்றன என்பதைப் பின்வந்தோர் கண்டனர். உயிரணு பிளவுறும்போது அக்குறிகளுள் பல சேய் உயிரணுக்களுக்கும் செல்கின்றன. ஆதலால்தான் ஈரல் உயிரணு ஈரல் உயிரணுவையே ஈனுகிறது.

தாய்நாட்டில் தகுதிக்கேற்ற ஆய்வுப் பதவி கிட்டாமையால், 1929 முதல் இத்தாலி, ஜெர்மனி, பிரான்சு நாடுகளில் ஆய்ந்தார். 1940இல் பிரான்சைக் கைப்பற்றிய ஜெர்மானியர் இவரைச் சிறைவைத்தனர். விடுதலையாகி நாடு திரும்பியவர், 1941 அக்டோபர் 27ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். 1996இல் அமெரிக்க அரசு இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

நம் இளைஞர்களே! கருவில் அமைந்ததும் சூழலின்றிச் செயற்படாது என்கிறது உயிரியல். சூழலை மாற்றும் கருவி கல்வி. அதனைப் பற்றுவோம், பிறர்க்கும் அளிப்போம்.