கண் கண்டதும் அறிவு கண்டதும்
அறிஞர் இப்னுல் ஹைதம் வாழ்வும் பணியும்

நம் சங்கத்தின் இந்தப் பொன்விழா மலருக்காக உறுப்பினர்களின் இல்லங்களிலிருந்து பழைய புகைப்படங்களைத் திரட்டியபோது ஒரு படம் நம் கைக்கு வந்தது. ஒரு நிக்காஹ் வைபவத்தில் எடுத்தது. பெண்ணின் தகப்பனார் கையை நீட்டியபடி நிற்கிறார். அந்தக் கைக்கு நேர் எதிரே சம்பந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். நீட்டிய கையைப் பற்ற மறுத்துவிட்டார் என்றுதான் பார்ப்பவர் எவரும் சொல்வர். அப்போதும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரு படத்தால் இரண்டு பெருநாள்களுக்கு இரு குடும்பத்தாரும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. பிறகு பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்தார்கள். ஆனால் மனத்தில் வடு இருந்தது.

இந்த மலருக்காகத் தேடியபோது, அதே வேளையில் பக்கவாட்டில் நின்று இன்னொருவர் எடுத்த படமும் கிடைத்தது. அதில் பார்த்தால் இருவருக்கும் இடையே பத்தடிக்கு மேல் தூரம். சம்பந்தி வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். தகப்பனார் கை நீட்டியது தம்மை நோக்கி ஓடிவந்த பேரப்பிள்ளைக்கு. முதல் படத்தில் பந்தி மேசை அந்தப் பிள்ளையையும் மறைத்துவிட்டது, இடையில் இருந்த தரையையும் மறைத்துவிட்டது.

யாரும் பொய் சொல்லவில்லை. கேமராவும் பொய் சொல்லவில்லை. பின்னே தவறு எங்கே நடந்தது? இந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கேமரா என்ற பேச்சே இல்லாத காலத்தில், பொறுமையாக விடை தேடிய பெருமகனார் ஒருவர் உண்டு. அவரை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பஸ்ராவில் பிறப்பு

அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் ஹிஜ்ரி 354இல், அதாவது கி.பி. 965 வாக்கில், இன்றைய ஈராக்கின் துறைமுக நகரமான பஸ்ராவில் பிறந்தார். அப்பாஸியக் கலீஃபாக்களின் காலம் அது. கிரேக்க அறிஞர்களான யூக்ளிட், தாலமி, கேலன் ஆகியோரின் நூல்கள் பாக்தாதில் அரபு மொழிக்கு வந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இளமையிலேயே அந்நூல்களைக் கற்றுத் தேர்ந்தார் அவர். கணிதம், வானவியல், ஒளியியல் என்று அவர் எழுதியவை தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை என்று பழைய பட்டியல்கள் கூறுகின்றன.

நைல் நதியும் ஒரு பிழையும்

அன்னாரின் வாழ்வில் நடந்த பெரிய திருப்பத்தை இப்னுல் கிஃப்தி என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். எகிப்தில் நைல் நதி சில ஆண்டுகளில் பெருக்கெடுத்து ஊரை அழிக்கும். சில ஆண்டுகளில் வற்றிப் பஞ்சத்தைக் கொண்டுவரும். அதைக் கட்டுப்படுத்தத் தம்மால் முடியும் என்று இப்னுல் ஹைதம் ஈராக்கில் இருந்தபடியே சொன்னாராம். செய்தி எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிமின் காதுக்கு எட்டியது. அவர் அழைப்பு அனுப்பினார். கெய்ரோ வந்த அறிஞருக்கு ஆட்களும் பொருளும் தரப்பட்டன.

ஆட்களுடன் நதியை ஒட்டித் தெற்கே பயணமானார். வழியெல்லாம் பண்டைய எகிப்தியர் எழுப்பிய கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவும் நேர்த்தியும் அவரை யோசிக்க வைத்தன. இத்தனை திறமை படைத்தவர்கள், நதியை அடக்க முடியுமென்றால் முன்பே அடக்கியிருப்பார்களே! அஸ்வானுக்கு அருகே நீர் பாறைகளின் இடையே இறங்கும் இடத்தை நேரில் சோதித்துப் பார்த்தார். தாம் எண்ணியது நடவாது என்று உறுதியாயிற்று. திரும்பி வந்து, தாம் சொன்னது தவறு என்று கலீஃபாவிடம் ஒப்புக்கொண்டார்.

அல்-ஹாக்கிம் நினைத்த மாத்திரத்தில் தண்டனை தருபவர் என்று பெயர் எடுத்தவர். முதலில் அறிஞருக்கு ஓர் அரசுப் பதவியைத் தந்தார். ஆனாலும் உயிருக்கு அஞ்சிய இப்னுல் ஹைதம் சித்தம் கலங்கியவர் போல் நடித்தார். அவரை வீட்டுக்குள் அடைத்துவைத்தார்கள். கி.பி. 1021இல் அல்-ஹாக்கிமின் காலம் முடிந்த பிறகே அவர் தெளிந்தவராக வெளியே வந்தார் என்பது அந்த வரலாறு.

இந்தச் செய்தியைப் படிக்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகிறது. பஸ்ராவில் அமர்ந்து நைலைப் பார்த்தவருக்கு, நடுவிலிருந்த தூரம் தெரியவில்லை. போய் நின்று பார்த்த பிறகே தெரிந்தது. பிற்காலத்தில் கண்ணின் பிழைகளை இத்தனை நுட்பமாக எழுதியவர், தம் சொந்தப் பிழைக்கும் விலை கொடுத்தவர்.

அதன்பின் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே எளிய வாழ்க்கை வாழ்ந்தார். அரண்மனைப் பதவியை நாடவில்லை. யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானவியலையும் தம் கையாலேயே படியெடுத்து விற்றார். ஆண்டுக்கு 150 தீனார் கிடைத்தது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இருட்டறைச் சோதனைகள்

அன்னாரின் தலையாய நூல் கிதாபுல் மனாழிர். காட்சியைப் பற்றிய நூல் என்று பொருள். ஏழு பாகங்கள் கொண்டது.

அவருக்கு முன் அறிஞர்கள் இரு கட்சியாக இருந்தார்கள். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கிறோம் என்றார்கள் யூக்ளிடும் தாலமியும். பொருளிலிருந்தே ஏதோ ஒன்று கண்ணுக்கு வருகிறது என்றார்கள் மற்றவர்கள். இப்னுல் ஹைதம் எவர் பெரியவர் என்று பார்க்கவில்லை, எது நடக்கிறது என்று பார்த்தார். சூரியனை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கிறது. பார்வையை விலக்கிய பிறகும் அதன் சாயல் கண்ணில் சற்று நேரம் நிற்கிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து ஒளிதான் கண்ணுக்குள் வந்து வேலை செய்கிறது.

இதை உறுதிசெய்ய இருட்டறையைப் பயன்படுத்தினார். துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்தார். உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒரே துவாரத்தில் பல ஒளிகள் புகுந்தாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்று காட்டினார். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலும் எழுதினார். சிறு துவாரத்தின் வழியே விழும் ஒளி, கிரகணச் சூரியனைப் போலவே பிறை வடிவம் எடுப்பது ஏன் என்று அதில் ஆராய்ந்தார்.

2019 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தது நம் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். மரநிழலில் இலைகளின் இடுக்கு வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் வளையம் வளையமாகத் தெரிந்தன. அதே பாடம்தான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசிக் கேமராவும் ஒரு சிறிய இருட்டறையே.

பார்ப்பது கண் மட்டுமல்ல

ஒளி கண்ணுக்குள் வருவதோடு பார்வை முடிந்துவிடுவதில்லை என்று கண்டதுதான் அன்னாரின் தனிச்சிறப்பு. கண்ணுக்கு வருவது ஒளியும் நிறமும். அது எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் உள்ளது, என்ன பொருள் என்பதையெல்லாம் அறிவுதான் முடிவு செய்கிறது. முன்பு பார்த்தவற்றோடு ஒப்பிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் அது முடித்துவிடுகிறது. அதனால் நாம் முடிவு செய்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. நேரே கண்டோம் என்றே நினைத்துக்கொள்கிறோம். காட்சிப் பிழைகள் நுழையும் வாசல் இதுவே. மூன்றாம் பாகம் முழுவதையும் இந்தப் பிழைகளுக்கே ஒதுக்கினார்.

தூரத்தைப் பற்றி அவர் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அறியாத ஓர் இடத்தில், சுவரிலுள்ள துவாரத்தின் வழியே வெளியே பார்க்க வேண்டும். வெளியே இரண்டு சுவர்கள், ஒன்று முன்னும் மற்றொன்று வெகுவாகப் பின்னும் நிற்கின்றன. துவாரம் உயரத்தில் இருப்பதால் தரை தெரியாது. அப்போது பார்ப்பவருக்கு இரு சுவர்களுக்கும் இடையே உள்ள தூரம் தெரியாது. அவை ஒட்டி நிற்பதாகவே தோன்றும். தூரத்தை நாம் அளப்பது இடையில் தொடர்ந்து கிடக்கும் தரையை வைத்துத்தான். தரை மறைந்தால் அளவுகோல் போய்விட்டது.

அந்த நிக்காஹ் படத்தில் நடந்தது இதுதான். பந்தி மேசை தரையை மறைத்தது. பத்தடி தூரம் காணாமற்போனது. நம் சுற்றுலாப் படங்களில் மெர்லயன் வாயிலிருந்து கொட்டும் நீரைப் பிள்ளைகள் வாயைத் திறந்து குடிப்பதும், இரட்டைக் கோபுரத்தை இரு விரலால் தூக்கிப் பிடிப்பதும், ஒருவர் தலையிலிருந்து தென்னை மரம் முளைப்பதும் இதே வகை. இரண்டு கண்ணால் பார்த்தாலோ, தலையைச் சற்று அசைத்தாலோ ஏமாற்று உடைந்துவிடும். கேமராவுக்கு ஒரே கண். அதுவும் அசையாத கண்.

நிலாவைப் பாருங்கள். பதினான்காம் பிறை ஈஸ்ட் கோஸ்ட் கடலோரம் எழும்போது தாம்பாளம் போல் பெரிதாகத் தெரிகிறது. ஆசையோடு கைத்தொலைபேசியில் எடுத்தால் படத்தில் சிறு பொட்டாக நிற்கிறது. கேமரா கெட்டுப்போகவில்லை. நிலா அடிவானத்தில் இருந்தாலும் உச்சியில் இருந்தாலும், கை நீட்டிப் பிடித்த சுண்டுவிரல் நகமே அதை மறைத்துவிடும். அடிவானம்வரை தரையும் கடலும் மரங்களும் வரிசையாகத் தெரிவதால், அங்கே இருப்பது வெகுதூரத்தில் உள்ளது என்று அறிவு எடுத்துக்கொள்கிறது. அத்தனை தூரத்திலும் இந்த அளவு தெரிகிறதென்றால் அது பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. இந்த விளக்கத்தை ஏழாம் பாகத்தில் அவர் தந்திருக்கிறார். இன்றைய ஆய்வாளர்களும் அங்கிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

நிறமும் அப்படியே. ஒரே சாயத்தை வெள்ளையின்மேல் புள்ளியாக வைத்தால் கறுத்தும், கறுப்பின்மேல் வைத்தால் வெளுத்தும் தெரிவதை அவர் கவனித்திருந்தார். 2015இல் ஸ்காட்லாந்தில் ஒரு திருமணத்துக்காக வாங்கிய உடையின் படம் உலகத்தையே இரு கட்சியாக்கியது நினைவிருக்கிறதா? ஒரே படத்தில் சிலர் வெள்ளையும் பொன்னிறமும் கண்டார்கள், சிலர் நீலமும் கறுப்பும் கண்டார்கள். உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான். எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்பது படத்தில் தெளிவில்லாததால், ஒவ்வொருவர் அறிவும் ஒரு வெளிச்சத்தை ஊகித்துக்கொண்டது. வீட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். இருவருமே கண்ணால் கண்டதாகத்தான் சொன்னார்கள்.

அன்னாருக்குப் பின்

இப்னுல் ஹைதம் கி.பி. 1040 வாக்கில் கெய்ரோவில் மறைந்தார். அன்னாரின் நூல் லத்தீனுக்குப் போனது. அங்கே அவர் அல்ஹாஸன் ஆனார். இங்கிலாந்தின் ரோஜர் பேக்கன் அதைக் கற்றார். பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதி, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு வானவில்லை விளக்கினார். 1572இல் பாசல் நகரில் லத்தீன் நூல் அச்சேறியது. கண்ணின் வில்லையே காட்சியை உணர்கிறது என்று இப்னுல் ஹைதம் கருதியிருந்தார். அது தவறு, பின்புறமுள்ள விழித்திரையில்தான் உருவம் விழுகிறது என்று 1604இல் கெப்ளர் திருத்தினார். அந்தத் திருத்தம் அன்னாருக்கு இழுக்கல்ல. தாலமியின் நூல்களிலுள்ள குறைகளை எடுத்துக்காட்ட அவரே ஒரு நூல் எழுதியவர். முன்னோர் நூலைப் படிப்பவர் அதைச் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும், தம் சொந்தக் கருத்தையும் விட்டுவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. 2015ஐ அனைத்துலக ஒளி ஆண்டாக உலகம் கொண்டாடியபோது யுனெஸ்கோ அவரை நினைவுகூர்ந்தது. நிலாவின் கிண்ணக்குழி ஒன்றுக்கும் அன்னாரின் பெயர் இடப்பட்டுள்ளது.

நமக்கு அவர் விட்டுச்சென்றது

பார்வை சரியாக அமைய எட்டு நிபந்தனைகள் வேண்டும் என்று இப்னுல் ஹைதம் வகுத்தார். தூரம், பொருள் நிற்கும் நிலை, வெளிச்சம், அளவு, ஒளி ஊடுருவாத தன்மை, இடையிலுள்ள காற்றின் தெளிவு, பார்க்கும் நேரம், கண்ணின் நலம் ஆகியவை அவை. இவற்றில் ஒன்று அளவு மீறினாலும் பிழை நேரும். ஆயிரம் ஆண்டு பழைய இந்தப் பட்டியல் இன்று நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. ஒருவரைப் பற்றிய படம் வந்தவுடன் கட்டைவிரல் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுகிறது. அதற்கு முன் நாம் கேட்கலாம்: எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது? எந்தப் பக்கம் நின்று எடுத்தது? வெளிச்சம் எப்படி? இடையில் மறைந்திருப்பது எது? எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தோம்?

நம் பிள்ளைகள் அறிவியல் படிக்கும்போது இப்னுல் ஹைதமின் பெயரைப் பெருமையோடு சொல்லட்டும். அதைவிட, அவரைப் போல் எழுந்து போய்ப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பார்க்கும் பழக்கத்தைக் கைக்கொள்ளட்டும். தவறு தெரிந்தால் நைல் கரையிலிருந்து திரும்பி வந்த அவரைப் போல் ஒப்புக்கொள்ளும் துணிவும் அவர்களுக்கு வாய்க்கட்டும்.

அந்த இரண்டு படங்களையும் இம்மலரில் நாம் அச்சிடவில்லை. பிரதி எடுத்து இரு வீட்டாருக்கும் கொடுத்துவிட்டோம். மேசைக்குப் பின்னால் மறைந்திருந்த அந்தப் பேரப்பிள்ளை இன்று வளர்ந்து நம் சங்கத்தின் இளைஞர் பிரிவில் இருக்கிறார். படங்களை இரு வீட்டுக்கும் எடுத்துச் சென்றவரும் அவரே. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு நேரிய பார்வையையும், நிதானமான தீர்ப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.