எண்களால் இசை எழுதிய ரூசோ

பிரெஞ்சுப் புரட்சியைப் படித்த மாணவிகள் ரூசோவின் பெயரை அறிவர். 1762-இல் 'சமுதாய ஒப்பந்தம்' எழுதிய அவ்வறிஞர் ஆலயப் பாடகர்களுக்கும் உதவியவர் என்பதைச் சிலரே அறிவர்.

ழான் ழாக் ரூசோ 1712-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஜெனிவாவில் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சில நாட்களிலேயே தாயை இழந்தார். பதினைந்து வயதில் ஊரைவிட்டு வெளியேறியவர், பின்பு ஆனெசி நகரப் பேராலயத்தின் பாடகர் குழு ஆசிரியரிடம் இசை பயின்றார். ஐந்து கோடுகளில் எழுதும் இசைக்குறிகள் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. லோசான் நகரில் இசை வல்லவர்போல் காட்டிக்கொண்டு, சொந்தமாக இசை அமைத்து அரங்கேற்றி, அனைவரது நகைப்புக்கும் ஆளானார்.

தாம் பட்ட துன்பம் பிறர் படலாகாது என்று எளிய வழி தேடினார். ச, ரி, க, ம, ப, த, நி என நாம் பாடும் ஏழு சுரங்களுக்கு 1 முதல் 7 வரை எண்களை இட்டார். 1742 ஆகஸ்ட் 22-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதனைப் படித்தார். சூயெட்டி என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1677-இலேயே ஆலயப் பாடல்களுக்கு எண்களைப் பயன்படுத்தியதை அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். இம்முறை பாட்டுக்கு ஏற்றது, வாத்தியங்களுக்கு ஏற்றதன்று என்றும் தீர்ப்பளித்தனர். கோடுகளில் இசையின் ஏற்றஇறக்கம் கண்ணுக்குத் தெரியும், எண்களையோ ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும் என்றார் இசைமேதை ராமோ. அது நியாயமே என்று ரூசோவும் ஒப்புக்கொண்டார். 1743-இல் அவர் வெளியிட்ட நூலும் விலைபோகவில்லை. பிற்காலத்தில் பழைய குறிகளிலேயே இசையைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். 1778 ஜூலை 2-இல் மறைந்தார்.

ஆனால் விதை வீணாகவில்லை. பியேர் கலேன் என்ற கணித ஆசிரியர் 1818-இல் அம்முறைக்குப் புத்துயிர் தந்தார். இன்று சீனாவிலும் இந்தோனேசியாவிலும் ஆலயப் பாடகர்கள் எண்களைப் பார்த்தே பாடுகின்றனர். 1992-இல் வெளிவந்த இந்தோனேசியக் கத்தோலிக்கரின் 'பூஜி ஷுக்கூர்' பாடல் நூலிலும் எண்களே உள்ளன. எண்ணின் மேல் புள்ளியிட்டால் மேல் சுரம், கீழே இட்டால் கீழ்ச் சுரம், 0 என்றால் மௌனம். 1 எந்தச் சுருதி என்று முதலிலேயே குறித்துவிடுவர். கரும்பலகையில் எழுதினால் போதும், இசை கல்லாதவரும் ஞாயிறு திருப்பலிக்குமுன் புதிய பாடலைப் பழகிவிடலாம்.

அறிஞர் அவை ஒதுக்கிய முயற்சி, எளிய மக்களின் வழிபாட்டில் வாழ்கிறது. பிறர் சுமையைக் குறைக்க உழைத்த உழைப்பு என்றேனும் பலன் தரும் அன்றோ!

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி