கல்விப் பணியில் மர்ஹூம் டாக்டர் ஜாகிர் உசேன்

ஜாகிர் உசேன் அவர்களைக் குடியரசுத் தலைவராகவே நாம் பெரிதும் அறிவோம். அப்பதவியில் அவர் இருந்தது 1967 முதல் 1969 வரையே. ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் பொறுப்பையோ 1926 முதல் 1948 வரை சுமந்தார்.

பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியபோது அந்நிறுவனம் பணமின்றித் தத்தளித்தது. மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறாமல் இருபதாண்டு உழைப்பதென அவரும் சக ஆசிரியர்களும் உறுதி பூண்டனர்.

1937-ல் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் நடந்த கல்வி மாநாடு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 7 வயது முதல் 14 வரை இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பாடம், கைத்தொழில், பொது அறிவியல் ஆகியவற்றை அக்குழு பரிந்துரைத்தது. நூல் நூற்கும் பிள்ளை, பஞ்சு விளையும் மண்ணையும் இராட்டையின் இயக்கத்தையும் நூலின் கணக்கையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது கருத்து. நூற்பாலைகள் சூழ்ந்த நம் இராஜபாளையம் வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பிள்ளைகளைக் கூலியாட்களாக்கும் திட்டம் எனப் பழித்தோரும் உண்டு. பயிற்சியற்ற ஆசிரியரிடம் அது வெறும் நூற்பாகவே சுருங்கும் என்பதை நாமும் மறுப்பதற்கில்லை. அதனாலேயே ஆசிரியர் பயிற்சியைக் குழு வலியுறுத்தியது. 1938-ல் ஜாமியாவிலும் அதற்கெனத் தனிப் பயிற்சிக் கூடம் தொடங்கப்பட்டது.

1969 மே 3-ல் வஃபாத்தான அன்னாரின் கப்ரு ஜாமியா வளாகத்திலேயே உள்ளது.