விரிசலில் ஒரு வண்ணத்துப்பூச்சி



மாசிக் கொடைக்கு மண்டைக்காடு வந்திருக்கிறீர்களா? அந்தப் பத்து நாளும் எங்கள் ஊரில் வீடு நிறைய விருந்தினர்தான். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவோம். கால் ஒடிந்தால்? தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குவோம். ஆனால், வெடித்த மரத்தைக்கூட வீசாமல், அதைக் கொண்டே உலகப் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் ஜார்ஜ் நகாஷிமா.

1905ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தார். கட்டடக்கலை படித்தார். 1937இல் நம் புதுச்சேரிக்கு வந்தார். எதற்குத் தெரியுமா? அரவிந்தர் ஆசிரமத்தில் 'கோல்கொண்டே' என்ற விடுதி கட்டும் வேலையைக் கவனிக்க! ஆசிரம வாழ்க்கை பிடித்துப்போகவே, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிச் சீடராகச் சேர்ந்துவிட்டார். அரவிந்தர் சூட்டிய பெயர் சுந்தரானந்தா. விடுதிக்குத் தேவையான தேக்கு மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். அவை இன்றும் பயன்படுகின்றன.

பின்னர் அமெரிக்கா திரும்பினார். 1941இல் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியது. அதனால், அங்கு வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஒரு குற்றமும் செய்யாத நகாஷிமாவும் 1942இல் மனைவி, கைக்குழந்தையோடு அடைபட்டார். பாவம், இல்லையா?

ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. அதே முகாமில் கெண்டாரோ ஹிகோகாவா என்ற கைதேர்ந்த தச்சர் இருந்தார். அவரிடம் உளி பிடிக்கவும், மரத்தோடு மரம் இணைக்கவும் கற்றார். நல்ல மரம் கிடைக்காத இடத்தில், கழிவு மரத்துண்டுகளே அவருக்குப் பாடப்புத்தகம் ஆயின.

1943இல் விடுதலையானார். பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ ஹோப் என்ற ஊரில் பட்டறை அமைத்தார். பலகையில் வெடிப்பு இருந்தால் மற்றவர்கள் கழித்துவிடுவார்கள். அவரோ, வெடிப்பு மேலும் விரியாதபடி, அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டைப் பதித்து இறுக்கினார். குறையே அழகாகிவிட்டது! மரத்தின் வளைந்த ஓரத்தையும் நேராக வெட்டாமல் அப்படியே விட்டார். அதனால் அவர் செய்த மேசைகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இராது.

1990இல் நகாஷிமா மறைந்தார். உலக அமைதிக்காக அவர் கனவு கண்ட பெரிய மேசைகளில் ஒன்று, புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டு மூலையில் தாத்தா காலத்துப் பலாமர நாற்காலி ஏதும் ஆடிக்கொண்டு கிடக்கிறதா? பழைய சாமான்காரரிடம் போடுமுன், ஓர் ஆசாரியை அழைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் ஆப்பு அடித்தால் போதும் என்று அவர் சொல்லலாம். நாளை உங்கள் பேரனும் அதில் உட்காருவான்!