குவாமே நிக்ரூமா

குவாமே நிக்ரூமா (செப்டம்பர் 21, 1909 - ஏப்ரல் 27, 1972) மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் முதல் பிரதமரும் முதல் குடியரசுத் தலைவரும் ஆவார். பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த கோல்ட் கோஸ்ட்டின் விடுதலைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கி, 1957 ஆம் ஆண்டில் அதனைக் கானா என்னும் பெயரில் விடுதலை பெற்ற நாடாக்கினார். ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தும் ஒரே கூட்டரசாக இணைய வேண்டும் என்ற கொள்கையைத் தம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். ஆட்சியின் பிற்பகுதியில் எதிர்க்கட்சியினரை விசாரணையின்றிச் சிறையிலிட்டமையால் கடும் கண்டனத்துக்கு உள்ளானார். 1966 இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சியில் பதவி இழந்து, நாடு திரும்பாமலே இறந்தார்.

இளமையும் கல்வியும்

நிக்ரூமா, கோல்ட் கோஸ்ட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள நிக்ரோஃபுல் என்னும் சிற்றூரில், நிசேமா இனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை ஒரு பொற்கொல்லர். அப்பகுதியில் அக்காலத்தில் பிறப்புப் பதிவுகள் வைக்கப்படுவதில்லை. பின்னாளில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் குறித்த நாளே இவரது பிறந்த நாளாக வழங்கி வருகிறது. குவாமே என்பது அக்கான் மக்களின் வழக்கப்படி சனிக்கிழமையில் பிறந்த ஆண் குழந்தைக்கு இடப்படும் பெயராகும்.

ஆக்ரா நகரிலிருந்த அரசு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த இவர், அது அச்சிமோட்டாவுக்கு மாற்றப்பட்ட பின் அங்கே பயின்று 1930 இல் தேர்ச்சி பெற்றார். கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். அப்போது ஆக்ராவில் இதழாசிரியராக இருந்தவரும் பிற்காலத்தில் நைசீரியாவின் முதல் குடியரசுத் தலைவரானவருமான நம்டி அசிக்கிவேயின் எழுத்துகள் இவரைப் பெரிதும் கவர்ந்தன.

1935 இல் ஐக்கிய அமெரிக்கா சென்று, பென்சில்வேனியாவில் கறுப்பின மாணவருக்கென நிறுவப்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1939 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். பின்னர் இறையியல், கல்வியியல், மெய்யியல் ஆகிய துறைகளிலும் பட்டங்கள் பெற்றார். படிப்புச் செலவுக்காக நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் மீன் விற்றதுடன், கப்பல்களில் பாத்திரம் கழுவும் வேலையும் பார்த்தார்.

1945 இல் இலண்டன் சென்ற நிக்ரூமா, அவ்வாண்டு அக்டோபரில் மான்செஸ்டர் நகரில் கூடிய ஐந்தாவது அனைத்து ஆப்பிரிக்க மாநாட்டை ஒழுங்கு செய்வதில் ஜார்ஜ் பட்மோருடன் இணைந்து உழைத்தார். முந்தைய மாநாடுகள் சீர்திருத்தங்களை வேண்டின. இம்மாநாடோ முழு விடுதலையையே கோரியது.

அரசியலில் நுழைவு

1947 ஆகஸ்ட் 4 அன்று வழக்கறிஞர் ஜே. பி. டன்குவாவும் அவரது நண்பர்களும் ஐக்கிய கோல்ட் கோஸ்ட் பேரவை என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதற்கு முழுநேரப் பொதுச் செயலாளர் ஒருவர் தேவைப்பட்டபோது, ஆக்கோ அட்ஜெய் என்பவர் நிக்ரூமாவின் பெயரைப் பரிந்துரைத்தார். அழைப்பை ஏற்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1947 டிசம்பரில் நிக்ரூமா தாயகம் திரும்பினார்.

அப்போது நாட்டில் அமைதியின்மை நிலவியது. நோய் கண்ட கொக்கோ மரங்களை அரசு வெட்டி அழித்ததால் உழவர்கள் கொதிப்படைந்திருந்தனர். இறக்குமதிப் பொருள்களின் விலையும் உயர்ந்திருந்தது. 1948 பெப்ரவரி 28 அன்று, இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட்ட முன்னாள் படைவீரர்கள், ஆளுநரிடம் மனு அளிப்பதற்காக ஆக்ராவில் ஊர்வலமாகச் சென்றனர். காவல்துறையினர் சுட்டதில் அவர்களுள் மூவர் இறந்தனர். கலவரம் பல நகரங்களுக்கும் பரவியது. டன்குவா, நிக்ரூமா, ஆக்கோ அட்ஜெய் உட்படப் பேரவைத் தலைவர்கள் அறுவர் கைது செய்யப்பட்டனர். இவர்கள் பெரிய அறுவர் என அழைக்கப்படுகின்றனர்.

தன்னாட்சியைப் படிப்படியாகப் பெறலாம் எனப் பேரவைத் தலைவர்கள் கருதினர். உடனடித் தன்னாட்சியே வேண்டும் என்றார் நிக்ரூமா. இக்கருத்து வேறுபாட்டால் பிரிந்து சென்று, 1949 சூன் 12 அன்று பேரவை மக்கள் கட்சியைத் தொடங்கினார். சந்தைப் பெண்கள், இளைஞர்கள், தொழிலாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோர் இக்கட்சியில் திரண்டனர்.

சிறையிலிருந்து ஆட்சிக்கு

காந்தியின் அறப்போராட்ட முறையைப் பின்பற்றி, 1950 சனவரியில் வேலைநிறுத்தம், பொருள் புறக்கணிப்பு ஆகியவற்றைக் கொண்ட மக்கள் இயக்கத்தை நிக்ரூமா தொடங்கினார். அரசு நெருக்கடி நிலையை அறிவித்து அவரைக் கைது செய்தது. அவருக்கு மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, ஆக்ராவின் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்.

1951 பெப்ரவரியில் பொதுத் தேர்தல் நடந்தது. சிறையிலிருந்தபடியே ஆக்ரா நடுவண் தொகுதியில் போட்டியிட்ட நிக்ரூமா, பதிவான 23,122 வாக்குகளில் 22,780 வாக்குகளைப் பெற்றார். மக்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய 38 இடங்களில் 34 இடங்களை அவரது கட்சி கைப்பற்றியது. ஆளுநர் சார்லஸ் ஆர்டன்-கிளார்க், பெப்ரவரி 12 அன்று அவரை விடுதலை செய்து அரசு அமைக்குமாறு அழைத்தார். 1952 இல் நிக்ரூமா பிரதமரானார்.

1954 இல் உழவர்களுக்குக் கிடைக்கும் கொக்கோ விலையை அரசு உலகச் சந்தை விலையை விடக் குறைவாக நிலைநிறுத்தியது. மிகுதிப் பணத்தை நாட்டின் வளர்ச்சிக்குச் செலவிடுவதே இதன் நோக்கம். கொக்கோ விளையும் அசாந்திப் பகுதியில் இதற்கு எதிராகத் தேசிய விடுதலை இயக்கம் தோன்றிக் கூட்டாட்சி கோரியது. இதனால் 1956 இல் மீண்டும் தேர்தல் நடத்தப்பட்டது. பேரவை மக்கள் கட்சியே அதிலும் வென்றது.

1957 மார்ச் 6 அன்று நாடு விடுதலை அடைந்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் ஆப்பிரிக்கர் ஆட்சியில் விடுதலை பெற்ற முதல் நாடு இதுவே. பழங்கால மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசு ஒன்றின் பெயரான கானா என்பதைப் புதிய நாட்டுக்கு முன்மொழிந்தவர் டன்குவா ஆவார்.

ஆட்சிக் காலம்

நிக்ரூமாவின் ஆட்சியில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் பெருகின. 1961 இல் இயற்றப்பட்ட சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. தேமா நகரில் புதிய துறைமுகம் அமைக்கப்பட்டது. வோல்ட்டா ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அக்கொசொம்போ அணை, உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளுள் ஒன்றை உருவாக்கியது. இதற்காகச் சுமார் 80,000 மக்கள் இடம் பெயர்க்கப்பட்டனர்.

1958 டிசம்பரில் ஆக்ராவில் நடந்த அனைத்து ஆப்பிரிக்க மக்கள் மாநாட்டில், அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலை இயக்கத்தினர் கூடினர். கொங்கோவின் பத்திரிசு லுமும்பாவும் அவர்களுள் ஒருவர். கினி, மாலி ஆகிய நாடுகளுடன் கானா ஓர் ஒன்றியத்தை அமைத்தபோதிலும் அது பெயரளவிலேயே இருந்தது. 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்கப்பட்டது. நிக்ரூமா ஒரே அரசை வேண்டினார். ஏனைய தலைவர்களில் பெரும்பாலோர் தத்தம் நாட்டின் இறைமையை விட்டுக்கொடுக்க விரும்பாததால், அது நாடுகளின் கூட்டமைப்பாகவே அமைந்தது.

அடக்குமுறை

1958 இல் இயற்றப்பட்ட தடுப்புக் காவல் சட்டம், எவரையும் விசாரணையின்றி ஐந்து ஆண்டுகள் வரை சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. இனக்குழு வன்முறையும் சதிகளும் இளம் நாட்டைச் சிதைத்துவிடும் என்பது அரசின் வாதம். நடைமுறையில் எதிர்க்கட்சியினரே பெரிதும் இச்சட்டத்துக்கு ஆளாயினர்.

1960 இல் கானா குடியரசாகியது. குடியரசுத் தலைவர் தேர்தலில் நிக்ரூமாவை எதிர்த்துப் போட்டியிட்ட டன்குவா, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றார். அடுத்த ஆண்டில் டன்குவா தடுப்புக் காவலில் வைக்கப்பட்டு, 1962 இல் விடுவிக்கப்பட்டார்.

1962 ஆகஸ்டில் குலுங்குகு என்னுமிடத்தில் நிக்ரூமா மீது குண்டு வீசப்பட்டது. அவர் காயங்களுடன் உயிர் தப்பினார். அப்போது அமைச்சராக இருந்த ஆக்கோ அட்ஜெய் உள்ளிட்டோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நீதிமன்றம் அட்ஜெய் உட்பட மூவரை 1963 இல் விடுவித்தபோது, நிக்ரூமா தலைமை நீதிபதியைப் பதவி நீக்கினார். மறுவிசாரணையில் அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

1964 சனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பின் மூலம் கானா ஒரு கட்சி நாடாக்கப்பட்டது. அரசு வெளியிட்ட முடிவின்படி 27 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர். எதிர்த்தோர் 2,452 பேர் மட்டுமே. அம்மாதமே மீண்டும் கைதான டன்குவா, 1965 பெப்ரவரி 4 அன்று நிசவாம் சிறையில் இறந்தார். நிக்ரூமாவைத் தாயகத்துக்கு அழைத்த இயக்கத்தை நிறுவியவர், நிக்ரூமாவின் சிறையிலேயே உயிர் துறந்தது கானா வரலாற்றின் பெருந்துயரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வீழ்ச்சியும் இறப்பும்

அரசுத் தொழிற்சாலைகள் பல இழப்பில் இயங்கின. வெளிநாட்டுக் கடன் பெருகியது. 1965 இல் கொக்கோவின் உலக விலை சரிந்ததால் பொருள் தட்டுப்பாடு கடுமையாகியது. 1966 பெப்ரவரி 24 அன்று, வியட்நாம் போரை நிறுத்தும் முயற்சியாக நிக்ரூமா ஹனோய் நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, இராணுவமும் காவல்துறையும் ஆட்சியைக் கைப்பற்றின. இச்சதி குறித்து அமெரிக்க அதிகாரிகள் முன்னரே அறிந்திருந்ததை அந்நாடு பின்னாளில் வெளியிட்ட ஆவணங்கள் காட்டுகின்றன. ஆக்ராவில் மக்கள் கூட்டம் தெருக்களில் மகிழ்ந்தாடியது. நிக்ரூமாவின் சிலை உடைத்து வீழ்த்தப்பட்டது. தடுப்புக் காவலில் இருந்தோர் விடுவிக்கப்பட்டனர்.

கினியின் தலைவர் செக்கு தூரே, நிக்ரூமாவுக்கு அடைக்கலம் தந்து தம் நாட்டின் இணைத் தலைவராகவும் அறிவித்தார். கொனாக்ரி நகரில் நூல்கள் எழுதிக் காலம் கழித்த நிக்ரூமா, 1972 ஏப்ரல் 27 அன்று ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் புற்றுநோயால் இறந்தார். முதலில் கினியில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், அதே ஆண்டில் பிறந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. 1992 இல் ஆக்ராவில், அவர் விடுதலையை அறிவித்த திடலிலேயே நினைவிடம் எழுப்பப்பட்டு அங்கு மாற்றப்பட்டது. உடைக்கப்பட்ட பழைய சிலையும் அவ்வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

மரபு

நிக்ரூமாவைப் பற்றிய மதிப்பீடு கானாவில் இன்னும் இரண்டுபட்டே உள்ளது. 2009 இல் அவரது பிறந்த நாளான செப்டம்பர் 21, நாட்டின் நிறுவனர் நாள் என்னும் பொது விடுமுறையாக்கப்பட்டது. 2019 இல், டன்குவா முதலியோரையும் சேர்த்து மதிக்கும் வகையில் நிறுவனர்கள் நாள் எனப் பன்மையில் பெயர் மாற்றப்பட்டு, பேரவை தொடங்கப்பட்ட ஆகஸ்ட் 4 அதற்குரிய நாளாக்கப்பட்டது. 2025 இல் மீண்டும் செப்டம்பர் 21 நிறுவனர் நாளாகியது. நாட்டை உருவாக்கியவர் ஒருவரா, பலரா என்னும் கேள்வி இவ்வாறு தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது.